பொடக்காணியில் குளித்த விமானம்

ஆகாயத்தில் போகிற ரோட்டுக்கு நேர் கீழே இருக்கிறது எங்கள் ஊர். ஊஞ்சக்காட்டுப்பாளையம் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது, விமானப்படைக் காம்பவுண்டுக்குப் பின்னாடி இருக்கிற தறிக்கார ஊர் என்றால் பஸ் கண்டக்டர் வரைக்கும் தெரியும். காலையில் பால்காரர் போன கையோடு போர் விமானங்கள் எங்கள் ஓட்டுக்கு மேலே வயிறு தெரிய ஏறிப்போகும், கீழே விசைத்தறிகள் டக்கடக் டக்கடக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், மேலே இடி கீழே தறி என்று இரண்டுக்கும் நடுவில் சோறாக்கிச் சண்டை போட்டுப் பிள்ளை பெற்று வாழ்கிற எங்களுக்குச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. கரண்ட் போய்த் தறியெல்லாம் ஒரே நொடியில் நின்றால்தான் எங்கள் ஊர்க் குழந்தைகள் திடுக்கிட்டு விழித்து அழும். எங்களுக்கு அதிர்ச்சி என்றால் அந்த அமைதிதான். எங்கள் வீட்டு விமானம் முதல் மூச்சு விட்டபோது எனக்குள்ளும் அப்படி ஒரு அமைதி விழுந்தது, ஊர்த் தறி மொத்தமும் என் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்து பட்டென்று நின்ற மாதிரி.

அது அட்டைப்பெட்டியில் வந்தது. பெட்டியின் மேலே நீல ஆகாயமும் அதில் சீறுகிற ஒரு போர் விமானமும் அச்சடித்திருந்தது. உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் இறக்கை ஒரு பக்கம் வால் ஒரு பக்கம் வயிறு ஒரு பக்கம் என்று ஒட்டிக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துப் பசை தடவிச் சேர்த்தால் முழங்கை நீளத்துக்கு ஒரு விமானம் வரும். வாங்கினவர் என் வீட்டுக்காரர் லோகநாதன். நாலு தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவர், எந்தச் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதவர். ஏனென்றால் அவருடைய இடது கை முழுசாக நீளாது. சின்ன வயசில் தண்ணித் தொட்டிச் சுவரிலிருந்து விழுந்து முழங்கை முறிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டின கட்டை நாள் கடந்து அவிழ்த்ததில் கை கொஞ்சம் மடங்கினபடியே நின்றுவிட்டது. பிளஸ் டூ முடித்த வருஷம் விமானப்படை ஆளெடுப்புக்குப் போய் ஓட்டத்தில் ஜெயித்து, பரீட்சையில் ஜெயித்து, கடைசியில் டாக்டர் முன்னாடி வரிசையில் நின்று இரண்டு கையையும் நீட்டச் சொன்னபோது எல்லார் கையும் நீண்டது, இவருடையது ஒன்று நீண்டது ஒன்று நீளவில்லை. டாக்டர் கோபிக்கக்கூட இல்லையாம். "வடிவம் சரியில்லப்பா. அடுத்த ஆள்" என்றாராம். கல்யாணமான புதுசில் ஒரே ஒரு தரம், சோற்றைப் பிசைந்துகொண்டே இதை என்னிடம் சொன்னார். அப்புறம் ரசம் கேட்டார்.

பாப்பா பிறந்து, நான் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்த மாசம் அது. ஞாயிற்றுக்கிழமை தறி ஓட்டாமல் உட்கார்ந்து விமானத்தைச் சேர்த்து முடித்தவர் அதைத் தூக்கிப் பார்த்தார், பார்த்ததும் முகம் போய்விட்டது. தினம் தலைக்கு மேலே நிஜத்தைப் பார்க்கிற கண்ணில்லையா. மூக்கு கத்திரிக்காய் மாதிரி உருண்டு தொங்குகிறது, முதுகில் ஒரு திமில், வலது இறக்கை நனைந்த கோழி மாதிரிக் கீழே சரிந்திருக்கிறது, பைலட் உட்காருகிற இடத்துக் கண்ணாடி மூடி தூக்குப்போசி மூடி மாதிரி எழும்பி நிற்கிறது. அச்சு வார்த்தவன் விமானத்தையே பார்த்திராதவன் போல.

"விடுங், பொம்மைதானே" என்றேன்.

"பொம்மைன்னா மட்டும் மூக்கு இப்படியா இருக்கோணும்?" என்று அரத்தை எடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், கார் பட்டறையில் நசுங்கின கதவுக்குப் பூசுகிற பட்டியை வாங்கிவந்து பள்ளத்தில் பூசினார், காய்ந்ததும் மறுபடி தேய்த்தார். பெரிய கத்திரிக்காய் சின்னக் கத்திரிக்காய் ஆனதுதான் மிச்சம். கோணின பிளாஸ்டிக்கைச் சுடுதண்ணியில் போட்டு நிமிர்த்தலாம் என்று யாரோ சொல்ல, ஒரு நாள் காலையில் பாப்பாவுக்குக் காய்ந்த தண்ணியிலேயே ஒரு சொம்பு மொண்டு பேசினில் ஊற்றி, விமானத்தை அதில் அமுக்கிவைத்தார். வைத்த இடம் பொடக்காணி. வீட்டுக்குப் பின்னாடி மறைப்புக் கட்டிக் குளிக்கிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். வைத்துக்கொண்டிருக்கும்போதே மூணாவது தறியில் பாவு நூல் அறுந்த சத்தம் கேட்டு ஓடிவிட்டார்.

இப்போது தெய்வாத்தாக்கா வருகிறாள். தறி நாடாவுக்கு நூலைத் தார் சுற்றுகிற வேலைக்குப் போகிறவள், வேலைக்குப் போகுமுன் எங்கள் வீதியில் பச்சைக் குழந்தை இருக்கிற வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டிவிடுகிறவள், எங்கள் ஊரில் பாதிப் பேருடைய மூக்கு அவள் பிடித்து எடுத்துவிட்டது. அன்றைக்குப் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தம்பி பெண்டாட்டியிடம் சீர்த் தட்டு விஷயமாகச் சண்டை போட்டபடியே வந்தாள். சண்டை போட்டபடியே மணைப் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். நான் உள்ளே பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கை தானாகப் பேசினுக்குள் போனது, அங்கே வெதுவெதுவென்று என்ன கிடந்ததோ அதை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டது.

நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எல்லாம் நடந்துகொண்டிருந்தது. விமானத்துக்கு எண்ணெய் தேய்த்தாகிவிட்டது, தண்ணி ஊற்றியாகிவிட்டது. "உம் பவிசு எனக்குத் தெரியாதாக்கும்" என்று போனில் சொல்லிக்கொண்டே மூக்கை இரண்டு விரலால் நீவி நீவி எடுத்தாள், முதுகைக் குப்புறப் போட்டு உருட்டி அமுக்கினாள், இறக்கை இரண்டையும் குறுக்கே மடக்கி விரித்தாள், வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினாள், அப்புறம் காத்து இழுக்கிறதற்காக விமானத்தின் இரண்டு பக்கமும் இருக்கிற ஓட்டையில், குழந்தைக்கு மூக்கில் ஊதுகிற மாதிரி, பலமாக ஒரு ஊது ஊதினாள். "இரு, புள்ளைக்குச் சளி கட்டியிருக்குதாட்ட இருக்குது" என்று போனில் சொல்லிவிட்டு இன்னொரு ஊது.

விமானம் தும்மியது.

தெய்வாத்தாக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், என் இடுப்பில் இருந்த பாப்பாவைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள்.

"அப்ப இது யாருது?"

"அது அவரோட பிளேனுங்கக்கா."

"அதானே பாத்தேன், கைக்குக் கனமே இல்லையேன்னு." அப்படிச் சொன்னவள் அதைக் கீழே வைத்தாளா என்றால் இல்லை. துண்டில் துவட்டினாள், சாம்பிராணிப் புகை காட்டினாள், கண்ணாடி மூடிக்குப் பக்கத்தில் மை எடுத்து ஒரு பொட்டு வைத்தாள். "தொட்டது தொட்டாச்சு. பாதிக் குளியல் எந்தப் புள்ளைக்கும் ஆவாது" என்றாள். துண்டுக்குள் அதன் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் இரண்டும் பொடக்காணிக் கல்லோடு ஒட்டிக்கொண்டது.

லோகநாதன் எண்ணெய்க் கையோடு ஓடிவந்தார், துண்டை விலக்கினார். கத்திரிக்காய் போய் அங்கே கூர்மையாக, நேராக, ஆகாயத்தில் பார்க்கிற அதே மூக்கு இருந்தது.

"மேகலா, மூக்கு வந்துருச்சு."

"ஏனுங், அது மூச்சு விடுதுங்."

"விடட்டும். மூக்கப் பாரு."

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் தினம் இரண்டு குளியல். பாப்பாவைப் பெரியது என்றும் விமானத்தைச் சின்னது என்றும் ஊர் சொல்ல ஆரம்பித்தது, ஏனென்றால் சின்னதும் ஒரு பிள்ளை மாதிரி வளர ஆரம்பித்தது. தொட்டிலில் கிடந்தது தொட்டிலை நிறைத்தது, தொட்டிலை நிறைத்தது கட்டிலுக்கு வந்தது. பார்க்க வந்த சனம் ஒவ்வொன்றும் வாசலில் செருப்பை விடும்போது நான் எதிர்பார்ப்பேன், இவர்களாவது என்னை மாதிரித் திகைத்து நிற்பார்கள், இதென்ன கூத்து என்று கேட்பார்கள் என்று. சக்கரையைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து அவர்கள் திகைத்துத்தான் நின்றார்கள். "ஏன் அம்மிணி, முதுகு இப்படித் திமிலாட்ட இருக்குது, ஒரே பக்கம் போட்டுத் தூங்க வச்சயா" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "இறக்கை சரிஞ்சிருக்குதே, உரம் விழுந்துருச்சாட்ட இருக்குது, முறத்துல போட்டு எடுக்கோணும்" என்றாள் அவள் நாத்தனார். பிளாஸ்டிக் வளருகிறதே என்று ஒருத்தரும் அதிரவில்லை, பெத்தவள் இப்படியா கவனிக்காமல் விடுவாள் என்றுதான் அதிர்ந்தார்கள். நான் வெந்நீர்த் துணியால் திமிலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். வேறென்ன செய்ய, வேலை என்று வந்துவிட்டால் செய்யத்தானே வேண்டும்.

மண்ணெண்ணெய் வைத்துப் பார்த்தோம், மூக்கைத் திருப்பிக்கொண்டது. பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியை ஆற்றி வைத்தால் சத்தம் போட்டு உறிஞ்சியது. அங்கன்வாடி நிர்மலா டீச்சர் எடை போட்டுப் பார்த்து, நீளத்துக்குத் தகுந்த எடை இல்லை என்று என்னைத் திட்டிச் சத்துமாவு பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். டீக்கடைக் கோவிந்தசாமியண்ணன் மட்டும், "முன்னயெல்லாம் பிளேனு பறக்கும், இப்ப வளருது. இன்னும் கொஞ்ச நாள்ல ரேசன் கார்டுல பேரு சேக்கச் சொல்லும்" என்றார். அவரும் அதைச் சொல்லிவிட்டு, கண்ணாடி மூடியின் மேட்டைத் தட்ட மரச் சுத்தி இருக்கிறது, வேண்டுமா என்றார்.

ஊரே சேர்ந்துதான் அதை நேராக்கியது என்று சொல்ல வேண்டும். திமில் ஒத்தடத்தில் கரைந்தது. வலது இறக்கையை முறத்தில் போட்டுப் புரட்டி எடுத்ததில் சரிவு போனது. பழைய சேலையை வளையமாகச் சுருட்டி அண்டை கொடுத்துப் படுக்க வைத்ததில் கண்ணாடி மூடி அமுங்கி அழகாக உட்கார்ந்தது. எங்கள் வீட்டு ஆள் ஒவ்வொரு கோளாறும் போகப் போக ஒரு சுற்று இளமையானார், தறிக்கு நடுவில் ஓடி ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனார். இன்னொன்றும் நடந்தது. கரண்ட் போய் ஊர் நிசப்தமானால் சின்னது உர்ரென்று மெதுவாக உறுமும், தறிச் சத்தத்துக்கும் ஜெட் சத்தத்துக்கும் நடுவில் ஒரு தாலாட்டு மாதிரி இருக்கும் அது, அதைக் கேட்டு எங்கள் பாப்பா விழிக்காமல் தூங்கும். இது தெரிந்ததும் கரண்ட் போனால் போதும், வீதியிலிருக்கிற தாய்மார் எல்லாரும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவருவார்கள், சின்னதைச் சுற்றிலும் பாய் போட்டு வரிசையாகக் கிடத்துவார்கள், எல்லாம் தூங்கும், நாங்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். எனக்கு அந்தப் பகல்கள் பிடித்திருந்தன. என் வீடு ஒரு தேவைப்பட்ட இடமாக ஆகியிருந்தது.

சின்னது கன்றுக்குட்டியளவு ஆனது, அப்புறம் எருமையளவு, அப்புறம் வாசலில் பந்தல் போட்டு அதன் கீழே விட்டோம். எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. அதன் இடது இறக்கை. பெட்டியிலிருந்து வந்தபோது அது ஒன்றுதான் நேராக இருந்தது. வளர வளர நடுவில் ஒரு மடிப்பு விழுந்து, நுனி கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டது. காலையில் தெய்வாத்தாக்கா எண்ணெய் போட்டு நீவினால் நேராகும், சாயங்காலம் பார்த்தால் மறுபடி மடங்கியிருக்கும். பட்டி பூசினால் பட்டி உதிரும். சுடுதண்ணியை அண்டா அண்டாவாக ஊற்றினார் லோகநாதன், ஊற்றும்போது அடங்கும், ஈரம் காய்ந்ததும் எழும்பும்.

"எத்தனையோ கோணக் கால நிமித்தியிருக்கறேன். இது ஒண்ணு எங்கைக்கு அடங்க மாட்டேங்குது" என்று தெய்வாத்தாக்கா முதல் தடவையாகத் தோற்றவள் மாதிரி உட்கார்ந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஜீப் வந்தது. மேலே பறந்த யாரோ பந்தலைத் தாண்டி நீட்டியிருந்த வாலைப் பார்த்திருக்கிறார்கள். இறங்கின ஆபீசர் மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனுசர், பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் வந்தார். சுற்றி நடந்தார். வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, "தடுப்பூசி போட்டாச்சா" என்று கேட்பார் போல இருந்தது, அத்தனை சாதாரணமாக இருந்தது முகம்.

"இங்க பாருங்க" என்றார், "வர்ற வெள்ளிக்கிழமை அளவு பாக்குற பலகையோட வருவோம். எங்க விமானத்து வடிவம் அச்சு அசலா இருந்துச்சுன்னா அது எங்களுது, எடுத்துட்டுப் போயிருவோம். இல்லன்னா உங்க வீட்டுச் சாமான், நீங்களே வச்சுக்கலாம்."

நான் பாப்பாவை இறுக்கிக்கொண்டேன். லோகநாதன் கேட்டது வேறு.

"சரியா இருந்துச்சுன்னா, சரியா இருக்குதுன்னு சொல்லுவீங்களா?"

ஆபீசருக்கு விளங்கவில்லை. "சொல்லாம எப்படிங்க எடுத்துட்டுப் போறது?"

ஜீப் போனதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "கொடுத்துருவீங்களா? பெரியதோட ஒண்ணா வளந்ததுங். ஊர்ப் பிள்ளைங்க எதைக் கேட்டுத் தூங்கும்?"

அவர் இடது இறக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், "ஒரு வார்த்தை மேகலா. அவங்க வாயால சரின்னு ஒரு வார்த்தை. அப்புறம் அது எங்க இருந்தா என்ன" என்றார். எனக்கு அடித்த மாதிரி இருந்தது. இந்த மனுசனோடு குடும்பம் நடத்துகிறேன், இத்தனை வருஷமாக அந்த வரிசையை விட்டு இவர் நகரவே இல்லை, கையை நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருக்கிறார், நான் அவருக்கு இங்கே ரசம் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூங்கில் பத்தைகளைச் சீவி எடுத்துவந்தார். உளுந்து மாவில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்து வேட்டித் துணியில் தடவினார். எலும்புக்குக் கட்டுப் போடுகிற அதே மாதிரி, மடிப்பு விழுந்த இடத்தில் மேலே நாலு கீழே நாலு பத்தை வைத்துக் கட்டத் தொடங்கினார். சின்னது அழுதது. அதுவரை அது அழுது நாங்கள் கேட்டதில்லை, ஊசி மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம், அதைக் கேட்டுப் பாப்பா அழுதாள், வீதியில் ஒவ்வொரு வீட்டுத் தொட்டிலிலிருந்தும் அழுகை கிளம்பியது. தெய்வாத்தாக்கா அடுப்பில் தண்ணி காய வைத்தவள் எழுந்து வந்து இறக்கைப் பக்கத்தில் நின்றாள்.

"நுனியக் கீழ அமுக்கிப் புடி" என்றார் என்னிடம். பிடித்தேன். கைக்குள் அது துடித்தது.

முடிச்சைப் போட அவர் இடது கையை நீட்டினார், நீட்டின கை முடிச்சு வரை எட்டவில்லை. தோளை இறக்கை மேலே சாய்த்து, கையை அதன்மேல் நீளவாக்கில் படிய வைத்து எட்டிப் பிடிக்கப் பார்த்தார். வேலைக்கு இடைஞ்சல் என்று அன்றைக்குத்தான் சட்டைக்கையைத் தோள் வரைக்கும் சுருட்டியிருந்தார். அப்போது என் பிடி தளர்ந்து இறக்கை எழும்பியது. எழும்பி அவர் கையோடு ஒட்டி நின்றது. தோளிலிருந்து முழங்கை வரை நேர், முழங்கையில் ஒரு திருப்பம், அதற்கப்புறம் மேலே தூக்கின ஒரு நுனி. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் நுழைய இடமில்லை.

தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை.

"ஏனுங். கைய எடுக்காதீங்க."

"ஏன்?"

"பாருங்."

அவர் பார்த்தார். தெய்வாத்தாக்கா இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "அட சாமி" என்றாள் மெதுவாக. "இத்தனை நாளா நான் யாரு கைய நிமித்திட்டு இருந்திருக்கறேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற எதிர்வீட்டுக்காரிக்குச் சந்தேகம் தீரவில்லை. "அதெப்படிக்கா, அவருக்கு அது விழுந்து முறிஞ்ச கை. பொறவி இல்லையே, புள்ளைக்கு எப்படி வரும்?"

"வயித்துல பொறந்தா வராது" என்றாள் தெய்வாத்தாக்கா. "இது கையில பொறந்தது."

லோகநாதன் கையை எடுக்கவே இல்லை. அவருக்கும் மூச்சு ஏறி இறங்கியது, இறக்கையும் ஏறி இறங்கியது, எது எதை ஏற்றுகிறது என்று தெரியவில்லை. அப்புறம் குனிந்து, சின்ன வயசிலிருந்தே முடிச்சவிழ்க்கப் பழகினபடி, பல்லால் கடித்துக் கட்டுத் துணியை இழுத்தார். பத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. சின்னது அழுகையை நிறுத்தியது, அப்புறம் பாப்பா, அப்புறம் வீதி.

உச்சிப் பொழுதில் ஜீப்பும் பின்னாடி ஒரு வேனும் வந்தது. அவர்கள் விமானத்தின் வளைவுக்கு ஏற்றபடி, சின்னதின் அளவுக்குச் சுருக்கி வெட்டின பலகைகளை இறக்கி ஒவ்வொரு இடத்திலும் பொருத்திப் பார்த்தார்கள். மூக்கில் வைத்தார்கள், உட்கார்ந்தது. முதுகில் வைத்தார்கள், உட்கார்ந்தது. வலது இறக்கையில், வாலில், கண்ணாடி மூடியில், எல்லாம் செருகின மாதிரி உட்கார்ந்தது. ஆபீசர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது, எங்கள் ஊர்ப் பெண்டுகள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. கடைசியாக இடது இறக்கை. பலகை ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கியது. நடுவில் கட்டைவிரல் நுழைகிற சந்து. திருப்பி வைத்தார்கள், தள்ளி வைத்தார்கள். ஆபீசர் தானே வாங்கி ஒரு தடவை வைத்துப் பார்த்தார்.

"வடிவம் சரியில்லைங்களே" என்றார், நிஜமாகவே வருத்தத்தோடு.

ஊர் மொத்தமும் லோகநாதனைப் பார்த்தது. அந்த வார்த்தை அவர்மேல் இரண்டாம் தடவை விழுகிறது, இந்த மனுசன் என்ன ஆவாரோ என்று நான் அவர் பக்கமாக ஓரடி வைத்தேன். அவர் சட்டைக்கையை இறக்கிவிடாமலே முன்னால் வந்தார். இடது கையை ஆபீசருக்கு நேராக எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டினார்.

"ஆமாங்க" என்றார். "என்னையக் கொண்டு பொறந்துருச்சுங்க."

ஆபீசர் கையைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். பலகையைக் கீழே வைத்தார். "அப்ப இது எங்களுது இல்லைங்க" என்றார். குடிக்க மோர் இருக்குமா என்று கேட்டார். இரண்டு டம்ளர் குடித்தார்.

ஜீப்பின் புழுதி அடங்கவில்லை, கரண்ட் போனது. தறியெல்லாம் ஒரே நொடியில் நின்றது, தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள், நான் பாயை உதறி விரித்தேன், எல்லாரும் உறுமலுக்குக் காத்திருந்தோம். சின்னது உறுமவில்லை. நீளமாக ஒரு மூச்சு இழுத்தது, பந்தல் ஓலையெல்லாம் அதன் பக்கம் சாய்கிற அளவுக்கு ஒரு மூச்சு, அப்புறம் கால்களை மடக்கிக்கொண்டு எழும்பியது. ஓலையைப் பிய்த்துக்கொண்டு, என் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு, பாப்பாவின் மஞ்சள் ஜட்டி ஒன்று வாலில் சிக்கிப் படபடக்க, ஆகாயத்து ரோட்டுக்கு ஏறியது. லோகநாதன் கையிரண்டையும் நீட்டிக்கொண்டு வீதியில் பின்னாலேயே ஓடினார். காம்பவுண்டைத் தாண்டியது. புள்ளியாகிக்கொண்டே போனது. போயிற்று, பலகை வைத்து எடுத்துப் போயிருந்தால் எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்திருக்கும், இப்போது அதுவும் போயிற்று என்று நான் அறுந்த துணிக்கொடியைச் சுருட்டிக்கொண்டே அண்ணாந்து நின்றேன். ஒரு குழந்தைகூட அழவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

புள்ளி லேசாகச் சாய்ந்தது. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டு, திரும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் மாதிரி இடது பக்கமாகச் சாய்ந்தது. மடங்கின இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக அதை வளைத்தது. குளத்துக்கு மேலே திரும்பி, பள்ளிக்கூடத்துக்கு மேலே திரும்பி, மஞ்சள் ஜட்டி தெரிய, உறுமிக்கொண்டு எங்கள் ஓட்டுக்கு மேலே வந்தது. மறுபடி போனது, மறுபடி சாய்ந்தது, மறுபடி வந்தது. காம்பவுண்டு விமானங்கள் நேராகப் போகத் தெரிந்தவை, அவற்றுக்குத் திரும்பி வரும்படி ஒருத்தர் சொல்ல வேண்டும். இதற்கு நேராகப் போகத் தெரியாது. எந்தத் திசையில் கிளம்பினாலும், எவ்வளவு பெரிய வட்டம் போட்டாலும், அந்த இறக்கை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் பொடக்காணிக்கு மேலேதான் விடும்.

வெயில் தாழ இறங்கிவந்தது. உடம்பெல்லாம் சுட்டது. லோகநாதன் வேர்த்து ஒழுகி வந்து அதன் இடது இறக்கை மேலே தன் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றையிலிருந்து அவர் அரைக்கைச் சட்டைதான்.

"வெயில்ல சுத்திட்டு வந்திருக்குது" என்று தெய்வாத்தாக்கா பொடக்காணியிலிருந்து சத்தம் போட்டாள். "தண்ணி ஆறுது. ரெண்டையும் கொண்டாங்க, யாரு மொதல்ல?"

பாப்பா என் இடுப்பிலிருந்து சின்னதைப் பார்த்துக் கையிரண்டையும் நீட்டித் தாவினாள். முதல் தடவையாக எதற்கோ அப்படி முழுசாகக் கை நீட்டுகிறாள். என்னையறியாமல் நான் அந்தக் குட்டி முழங்கை இரண்டையும் தடவிப் பார்த்தேன். இரண்டும் கோல் போல நேராக இருந்தன. அதற்கு எனக்கு ஒரு நொடி ஏமாற்றமாக இருந்தது பாருங்க, இத்தனை கூத்திலும் நான் ஆடிப்போனது அந்த நொடிக்குத்தான்.